கிடங்கு அண்ணனின் மூட்டைகள்

இதை எனக்கு முதலில் சொன்னது மேல்வீட்டு அக்காதான். ஊரடங்கை எடுத்த மறுநாள், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னார். கலவரம் நடந்த நாட்களில் நான் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அதனால் எங்கள் கட்டிடத்தில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

"கட்டினவர்கிட்டயே திருடிட்டேன் தங்கச்சி. நீ தினமும் சாமி கும்பிடறவ. நீயே சொல்லு, சாமி என்னை மன்னிக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

கிடங்கு அண்ணன் என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்வோம். அரசாங்க தானியக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், பிடித்துக்கொள்வார். ஒரு நாள் கடை இருக்காது, கரண்ட் இருக்காது, போலீஸ் இருக்காது, அன்றைக்கு எவனும் எட்டிப் பார்க்கமாட்டான், உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன் என்பார். அந்த அரசாங்கம் தரும் ஓய்வூதியம் ஒரு நாள் தாமதமானால் மட்டும் ஆபீசில் போய் நின்றுவிடுவார்.

மகன் வெளியூருக்கு வேலைக்குப் போனதும் அவன் அறையைக் காலி செய்தார். அரிசி, பருப்பு, மாவு, பால்மாவு, மெழுகுவத்தி என்று வாங்கி வாங்கிக் கூரை வரைக்கும் அடுக்கினார். கதவுக்குப் பெரிய பூட்டு. ஈரக்காற்று பட்டுவிடும் என்று கதவைத் திறக்கவே மாட்டார். மாடிப்படிப் பக்கம் ஒரு ஜன்னல், அதன் வழியாகப் பார்ப்பதோடு சரி. பதுக்குகிறவர்கள் மறைப்பார்கள். இவர் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

தெருமுனைக் கடையில் சர்க்கரை தீர்ந்தால், "பாத்தீங்களா, தட்டுப்பாடு ஆரம்பிச்சாச்சு" என்பார். நேற்று மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனது நீங்கள்தானே அண்ணே என்று கடைக்காரர் வாய்க்குள்ளேயே முனகிக்கொள்வார்.

கடைசியில் அவர் சொன்னது போலவே ஆயிற்று. விலைவாசியை எதிர்த்துப் போன ஊர்வலத்தில் கல் பறந்தது. ஊரடங்கு போட்டார்கள். கடைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டார்கள்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டில் தையல்காரரும் அவர் பெண்சாதியும் இருக்கிறார்கள். அவள் அப்போதுதான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் துணி எடுக்கப் போய் ஊரின் அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டார். அவளுக்குப் பால் போதவில்லை. பால்மாவு டப்பாவும் வழித்தாயிற்று. குழந்தை பசியில் கத்துகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டதாம்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து கேட்டாள்.

"இது நிஜமான கெட்ட நாளைக்கு எடுத்து வெச்சதும்மா" என்றாராம் அண்ணன்.

"இதுக்கு மேலயும் ஒரு கெட்ட நாள் இருக்காங்கய்யா?"

"இது வெறும் ஊரடங்கு. அரசாங்கம் இன்னும் முழுசா விழலியே."

அது விழாமல் நின்றதில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான் என்றார் அக்கா. சொந்த அடுக்களையில் அரிசி தீர்ந்தபோதுகூட அவர் அந்த அறையைத் திறக்கவில்லை.

ஆனால் பூட்டுக்கு இரண்டு சாவி. யாரையும் நம்பாதவர், இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பார்? அக்காவிடம்தான் கொடுத்திருந்தார்.

மதியம் அவர் கண் அசந்தபோது அக்கா முதலில் எடுத்தது பால்மாவு. அழுகை நின்றது. குழந்தை தூங்கிவிட்டது. அதற்கப்புறம் கை நிற்கவில்லை என்றார். தாய்க்குச் சாப்பாடு வேண்டாமா? பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களுக்கு? கட்டிடத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து, பின்னாலிருந்து ஒவ்வொரு மூட்டையாக இறக்கிவிட்டார்கள். கீழ்வீட்டில் ஒரே அடுப்பில் சமையல். பொழுது சாயும்போது மேல்வீட்டுக்கும் ஒரு தூக்கு வந்துவிடும்.

அண்ணன் அதைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வாராம், "யோசனையே இல்லாத ஜனங்க. இருக்கறதைப் பங்கு போட்டுத் தின்னுட்டா நாளைக்கு என்ன பண்ணுவாங்க?" சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்வாராம். "அரிசி நல்லா இருக்கே. எங்க வாங்கினாங்கன்னு விசாரி, நாமளும் ரெண்டு மூட்டை போட்டு வெப்போம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தினமும் ஜன்னலில் நின்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன்.

அக்கா ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டார்.

"அவர் சொல்லிக் குடுத்ததுதான். கிடங்குல பெரிய அதிகாரி பாக்க வந்தா, முன்வரிசையை மட்டும் கூரை வரைக்கும் நிறுத்திடுவாங்களாம். பின்னால வெறும் கூடு. வந்தவங்க வாசல்ல நின்னு பாத்துட்டுத் திருப்தியாப் போயிடுவாங்களாம். இதை எத்தனை தடவை சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கார் தெரியுமா?"

சாமி மன்னிக்குமா என்று கேட்டாரே, அதற்கு நான் என்ன சொல்வது? அந்தக் குழந்தையின் வாயில் பால் போனபோதே சாமி பார்த்திருக்கும் அக்கா என்றேன்.

அண்ணன் இப்போது ரொம்பப் பெருமையாக இருக்கிறார். ஊரே தவித்தபோதும் தன் மூட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று ஜன்னல் பக்கம் நிறுத்தி எல்லாருக்கும் பாடம் நடத்துகிறார். தையல்காரர் பெண்சாதி உட்பட எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டுகிறோம்.

நீங்களும் எங்கள் பக்கம் வந்தால், மேலே ஏறிப் பார்த்து, "அடேயப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மூட்டைமேல் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.