சோழபுரத்துப் பேச்சு

சோழபுரத்து மேடையிலிருந்து இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த காங்கிரஸ்காரர் பால்ச்சாமி எழவேயில்லை. மறுநாள் ராஜபாளையத்து வீட்டில் அவர் மனைவி வெள்ளத்தாய், அவருடைய கூட்டாளி இருதயத்திடம் கேட்டாள்.

"கடைசியா என்ன பேசுனாக அண்ணாச்சி? நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்ல."

இருதயம் பேச்சைக் கவனிக்கவில்லை. நோட்டீஸ் கொடுப்பதிலேயே இருந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்த கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் நோட்டைப் பிரித்தார்.

"'இந்தத் துண்டு என் வீட்டுக்காரி நூத்த நூலு. எந்த வெள்ளைக்காரனும் இதை உருவ முடியாது.' இங்க ரெண்டு தடவை இருமுனாக."

ஒரு சொல் விடாமல் படித்து முடித்தார். இருதயத்துக்குப் பொறாமையாக இருந்தது.

"எந்த ஊர்க் கமிட்டி தம்பி? நோட்டைத் தங்கச்சிகிட்டயே கொடுத்திருங்க," என்றார்.

"ஏலாதுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் ஐயா கேப்பாக."

நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்தார்கள்.

"விடுங்க அவரை," என்றாள் வெள்ளத்தாய். "ஐயா, இன்னொருக்கா படிங்க."