பின்னால் ஓடிய மகன்

அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே எட்வினின் போன் தோசைக்கல்லாய்ச் சுட்டது. பின்னால் திறந்து கிடந்த செயலிகளை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி மூடினான். சொந்த ஊரான நாசரேத்தில் தனியாக இருக்கும் அப்பாவோடு தினமும் அவனுக்குப் பதிலாக அவன் குரலில் பேசுகிற ‘மகன்’ செயலியும் அதோடு போய்விட்டது.

உடனே அப்பா அழைத்தார்.

“யய்யா, பேசிட்டே இருந்த, திடீர்னு சத்தத்தக் காணுமே?”

“சிக்னல் இல்லப்பா.”

“சரி, சொல்லு. நான் ஆபரேஷன் பண்ணிக்கிடவா, வேண்டாமா?”

“என்ன ஆபரேஷன்?” வாய் முந்திக்கொண்டது.



“ஓ, நீயா?” என்றார் அப்பா. கோபமில்லை, முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற பணிவுதான் இருந்தது. “வேலையா இருப்ப, வச்சிரு. அவனத் திரும்பத் தொறந்து மட்டும் விட்டுரு. அவன்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்.”

‘என்னிடம் சொல்லுங்கள்’ என்று எட்வின் கேட்டிருக்கலாம். எல்லோரும் பார்க்க, தலை குனிந்தபடி செயலியைத் திறந்தான்.

“பயப்படாதீங்கப்பா, டாக்டர் சொன்னத மறுபடி சொல்லுங்க” என்றது போன்.

தன் குரலுக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று அவன் அன்றுதான் கேட்டான்.