நம்மூர் வெயிலுக்கு

பழைய கார் இன்ஜினைப் பூட்டிச் செய்த விமானம் வறண்ட குளத்துக்கு மேலே, பக்கத்து மலையின் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஓட்டிய இசக்கி, கீழே ஊர்க்கூட்டத்தோடு நின்ற அக்காள் புருஷன் சேர்மதுரைக்கு போன் போட்டான்.

“அத்தான், மேல குளிரு கொல்லுது. இன்ஜின் சூட்டு முள்ளும் ஏறவே மாட்டேங்கு. நான் எறங்குதேன்.”

சேர்மதுரைக்குக் காரணம் புரிந்துவிட்டது. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்க ஒரு சின்ன வால்வு உண்டு. அவருடைய ஷெட்டுக்கு வரும் எந்தக் காரிலும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார். “நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குவே?” என்பார். முப்பது வருஷத்தில் ஒரு வண்டிகூட அதற்காகத் திரும்பி வந்ததில்லை. இந்த இன்ஜினிலும் கை பாட்டுக்குக் கழற்றிவிட்டது. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தால் இருக்கிற சூடும் ஆறி இன்ஜினே நின்றுபோகும்.

“மாப்ள, ஆக்ஸிலேட்டர கொறைக்காதல!” என்று கத்தினார். போன் கட்டாகியிருந்தது. மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

மேலே சத்தம் தணிந்தது.

“பயந்துட்டான் உங்க மாப்ள,” என்று பக்கத்தில் நின்ற அவர் மனைவி பொன்கிளி சிரித்தாள். “சின்னதுல புளியமரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம அழுவான். நாந்தான் தூக்கி எறக்குவேன்.”

இன்ஜின் இரண்டு தடவை இருமியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. விமானத்தின் மூக்கில் சுற்றிக்கொண்டிருந்த விசிறி நின்று, அதன் இரண்டு இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அதுவும் ஒரு வித்தை என்று நினைத்து ஊரே கைதட்டியது. பொன்கிளியும் தட்டினாள். சேர்மதுரை செருப்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கினார், எந்தப் பக்கம் என்று தெரியாமல்.