கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு கேள்வி

கிரேன் ஆபரேட்டரின் கையை மீறித் தானாகவே இயங்கத் தொடங்கியது. அவருக்குப் படபடப்பு ஏறினால், மணிக்கட்டில் இருக்கும் பட்டை அதைக் கண்டுபிடித்து இயந்திரத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். தகுந்த காரணம் சொல்லாவிட்டால், அவரைக் கிரேன் வேலையிலிருந்தே மாற்றிவிடுவார்கள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரையில் எழுத்துகள் வந்தன. "மனதில் ஏதாவது கவலையா?"

"ஒண்ணுமில்லை சார். கிரேனைத் திருப்பிக் குடுங்க" என்று தட்டினார்.

"பட்டை அப்படிச் சொல்லலையே. காரணம் வேணும்."

அவர் தயங்கித் தயங்கி எழுதினார். "என் மனைவிக்குக் கழுத்துல ஒரு கட்டி சார். இன்னைக்குத்தான் ரிசல்ட். அவ பயப்படக் கூடாதுன்னு ஒரு வாரமா வீட்டுல ஜோக் அடிச்சுக்கிட்டுத் திரியுறேன். உள்ளுக்குள்ள உயிரே இல்லை. உங்க ரூம்லதானே வேலை பார்க்கிறா, இன்னைக்கு லீவு. நாளைக்கு வந்தா, நான் பயந்தேன்னு சொல்லிடாதீங்க."

திரையில் எழுத்துகள் மெல்ல மெல்ல வந்தன.

"அது வெறும் கொழுப்புக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"ரிப்போர்ட் என் கைப்பையிலதாங்க இருக்கு. உங்க போன் லாக்கர்ல கிடக்குமேன்னு நேரா இங்கேயே வந்துட்டேன். கட்டினவளைப் போய் சார்னு கூப்பிடுறீங்க. ஒரு வாரமா நீங்க சிரிச்ச சிரிப்பைப் பார்த்து, என் மேல அக்கறையே இல்லைன்னு நினைச்சேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்பவாவது கிரேனைக் குடு."

"இன்னும் சிவப்பாத்தான் காட்டுது. பட்டைக்குப் பயமும் சந்தோஷமும் ஒண்ணுதான் போல. நீங்க இறங்கி வாங்க, காரணத்தை நான் எழுதிக்கிறேன்."