பொட்டி பொய் சொல்லாது

“எட்டாங்கிளாஸ்ல ஸ்கூல விட்டு ஓடிவந்தவ நீ. என் கம்ப்யூட்டருக்கு மணி பாக்கச் சொல்லித் தரப்போறியா?”

போன மாதம் வெற்றிச்செல்வன் பூவிழியிடம் இப்படிக் கேட்டபோது உப்பள ஆபீஸே சிரித்தது. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். கரண்ட் போய் வந்த ஒரு சாயங்காலத்தில், வேலைக்கு வந்துபோகும் நேரத்தைப் பதிய விரல் வைக்கிற பொட்டி மத்தியான மணியைக் காட்டுகிறது என்று சொன்னதுதான் அவள் செய்த குற்றம்.

இன்றைக்கு அதே பொட்டி அவளுடைய அப்பாவின் வேலைக்கு உலை வைத்திருந்தது.

ராத்திரி பெய்த கோடை மழையில் உப்பளத்து முதலாளி மங்கம்மாவின் உப்பு அம்பாரம் பாதி கரைந்து ஓடிவிட்டது. மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டியவர் அவளுடைய அப்பா, ராத்திரிக் காவல்காரர் அய்யப்பன். அவர் வாசலோரம் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பின்னால் பூவிழி. மங்கம்மா நாற்காலியில் இருந்தாள். எதிரே பக்கத்து உப்பளக்காரர் தெய்வசிகாமணி. தன் ஆபீசுக்கும் இதே மாதிரிப் பொட்டி வாங்கலாமா என்று பார்க்க வந்தவர்.

பொட்டியைக் கட்டி மாட்டியவன் வெற்றிச்செல்வன். மங்கம்மாவின் அண்ணன் மகன். இன்ஜினியரிங் படித்தவன், அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்பவன்.

“பாருங்க அத்தை. அய்யப்பன் உள்ள வந்தது ராத்திரி எட்டு. வெரல் வெச்சிட்டு வெளிய போனது பன்னெண்டு. மழை கொட்டுனது ரெண்டு மணிக்கு. தொரை அப்ப ஊட்டுல இழுத்துப் போத்திக்கினு கொறட்ட உட்டுக்கினு இருந்திருக்காரு.”

“இல்லம்மா,” என்றார் அய்யப்பன். “நான் விடிஞ்சப்புறம்தான் ஊட்டுக்குப் போனேன். தார்ப்பாய காத்து பிச்சிக்கினு போச்சு. ஒண்டி ஆளா ஒரு பக்கம் புடிச்சா இன்னொரு பக்கம் பறக்குதும்மா.”

“நீ சொல்லிட்டா பன்னெண்டு விடியக்காலம் ஆயிடுமா? இன்னா கதை வுடற!”

பூவிழி அப்பாவின் பின்னாலிருந்து முன்னே வந்தாள். “அண்ணா, ராத்திரி ஒம்போதுக்குப் போன கரண்டு மூணு மணிக்குத்தான் வந்துது. அதுவரைக்கும் பொட்டி நின்னு போயிருக்கும். அப்புறம் விட்ட எடத்துலேருந்து ஓட ஆரம்பிச்சிருக்கும்.”

“வந்துட்டாங்கப்பா சயின்டிஸ்ட்டு! பெருக்கற வேலைக்கு இவ்ளோ மூளை எதுக்கும்மா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. பொட்டிக்குள் இருப்பது உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். தானாக மணி ஓட்டிக்கொள்ளும் பேட்டரி அதில் கிடையாது. கரண்ட் போனால் தூங்கிவிடும். கரண்ட் வந்ததும், தூங்கப்போன நேரத்தையே இப்போதைய நேரம் என்று நினைத்து எழுந்துகொள்ளும். நெட் கிடைத்தால் கேட்டுத் திருத்திக்கொள்ளும். மழை பெய்தால் அந்த உப்பளத்தில் நெட் ஏது?

தெய்வசிகாமணிக்குச் சந்தேகம் தட்டியது. “ஏம்பா, கரண்டு போனா நெசமாவே மணி மாறாதா?”

“மாமா, உள்ள தனி பேட்டரி இருக்குது. இப்ப உங்க வாட்ச்சுல பத்தா? பொட்டியிலயும் பத்து. பாத்துக்குங்க.”

“காலையில நீங்கதான உங்க போன்லேருந்து நெட்டு குடுத்து சரி பண்ணீங்க…” என்றாள் பூவிழி.

“வாய மூடு! ஓட்டை மொபைல்ல பாட்டு கேக்கற உனக்கு நெட்டப் பத்தி என்னா தெரியும்?”

“நீ சும்மா இரு புள்ள,” என்றாள் மங்கம்மாவும். “படிச்சவன் பேசறான் இல்ல?”

அதற்கு மேல் என்ன இருக்கிறது? பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்கு இந்த வயதில் வேறு எந்த அளத்தில் வேலை தருவார்கள்? உப்பைக் கரையவிட்டவன் என்று பேர் வாங்கினவனை யார் சேர்ப்பார்கள்?

மங்கம்மா மருமகன் பக்கம் திரும்பினாள். “அப்ப இதுல இருக்கிற மணி அத்தனையும் சரிதான்?”

“சத்தியமா அத்தை. மனுஷன் பொய் சொல்லுவான், என் பொட்டி சொல்லாது.”

“ராத்திரி பதிஞ்சது மொத்தமும்?”

“ஒண்ணு விடாம.”

“கேட்டுக்கினியா தெய்வசிகாமணி? பொட்டின்னா இப்படி இருக்கணும்.”

வெற்றிச்செல்வன் காலரைச் சரிசெய்துகொண்டான். அய்யப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டியின் திரைக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள்.

“அய்யப்பன், வெளிய போனது பன்னெண்டு. சரி. அவனுக்குக் கீழ இன்னொரு வெரல் இருக்குதே. உள்ள வந்தது ரெண்டு மணி. வெற்றிச்செல்வன்னு போட்டிருக்குது.” கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். “கொட்டற மழையில இங்க வந்து நின்னுக்கினு, என் உப்பு கரையறத வேடிக்க பாத்தியா மருமகனே?”

காலை எட்டு மணிக்கு அவன் பைக்கில் வந்து இறங்கி, விரல் வைத்துவிட்டு, அதன் பிறகே போனை எடுத்துப் பொட்டிக்கு நெட் கொடுத்ததைப் பூவிழியும் மங்கம்மாவும் பார்த்திருந்தார்கள்; அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவளே மங்கம்மாதான். அவனுடைய எட்டு ரெண்டாகப் பதிந்திருந்தால், அய்யப்பனின் பன்னெண்டும் விடியற்காலை ஆறுதான்.

‘பொட்டி தப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துக்கொள்ளலாம்; ஆனால் அய்யப்பனும் தப்பித்துவிடுவார், பொட்டியும் விலைபோகாது. தெய்வசிகாமணி அந்த வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெற்றிச்செல்வன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.