நாளைக்குக் கப்பல்

நாளை ரைன் நதியில் உல்லாசக் கப்பல் பயணம். அதற்குள் பாசல் நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட, மனைவி ஹிலரியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் விரைந்தார் டெஸ்மண்ட்.

"மெதுவா, கிழவா! ஊரு எங்கயும் ஓடிப்போயிடாது."

லீட்ஸிலிருந்து மகள் போனில் அழைத்தாள். "கப்பல்ல குளிரும்ப்பா. அம்மாவப் பத்திரமா பாத்துக்க."

"கம்பளி இருக்கும்மா." போனை வைத்தார்.

"இல்லாத கப்பலுக்குக் கம்பளி வேறயா?" என்றாள் ஹிலரி. "உண்மையச் சொல்லிடேன்."

"சொன்னா அடுத்த விமானத்துல வந்து நிப்பா. விரும்பிச் சாக இந்த ஊரு சட்டம் விட்டாலும் அவ விடமாட்டா."

ஹிலரியின் கை சக்கரத்தின் பக்கம் இறங்கியது.

"காலையில டாக்டர் வந்துடுவார். எல்லாம் முடிஞ்சதும் நீதான் அவகிட்ட சொல்லணும். இந்தப் புத்துநோயோட இனி என்னால முடியல, ஹிலரி."

அவள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். அவர் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.