ஒத்திகை இலை

வளையம் மூடிக்கொண்டது!

நான் துள்ளிய துள்ளலில் ஒரு செருப்பு மேஜைக்கு அடியில் போய்விட்டது. காலை எரிச்சலும் அதோடு போனது. நிழலென்று மரத்தடியில் வண்டியை விட்டால் தினமும் சீட்டெல்லாம் ஊதாக் கறை. துடைத்தே என் கைக்குட்டைகள் பாழாகிவிட்டன.

இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் மரபணுத் தொடர் ஒரு வளையம். அதன் இரண்டு முனைகளும் திரையில் சேர்ந்தால்தான் எங்கள் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த இலையின் மரம், ஒரு நாள் பயணத் தூரத்து மலையில் ஒற்றையாக நிற்கிறது. என்றும் பசுமைதான்; பூக்கும், ஆனால் மகரந்தம் தரத் துணைமரம் இல்லாததால் காய்க்காது. இன்னொன்று எங்காவது மிஞ்சியிருந்தால், அடையாளம் காண இந்த வளையம் வேண்டும். வனத்துறை மனமிரங்கித் தந்தது ஒரு பிடி காய்ந்த இலை.

எங்கள் ஆய்வகத் தலைவர் வந்தார். எதையும் லேசில் நம்பமாட்டார். நாங்கள் வைத்த பெயர் சந்தேகம் சார். ஒத்திகை இலையின் வளையத்தையும் பக்கத்தில் போடச் சொன்னார்.

அரிய இலையில் எடுத்ததும் கைவைக்கமாட்டோம். கைக்கெட்டிய ஏதாவது இலையைப் பறித்து முதலில் ஒத்திகை பார்ப்போம்.

இரண்டு வளையத்திலும் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை.

“ஏம்மா, சோதனைக் குழாயை மாத்தித் தொலைச்சிட்டியா?”

மாற்றியிருந்தால் அந்த ஒரு பிடியும் வீண். இன்னொரு பிடி யார் தருவார்கள்?

அப்புறம்தான் உறைத்தது. ஒத்திகை வளையம் மூடியபோது, மலை இலை இந்தக் கட்டடத்துக்கே வந்திருக்கவில்லை.

“மாறல சார்! கீழ வாங்க, சீக்கிரம்!”

ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடினேன். சார் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

நான் இலை பறித்தது வண்டி நிறுத்துமிடத்து மரத்தில். இலையைப் பொடியாகவே பார்த்துப் பழகிய எங்களுக்கு, முழு மரம் எதிரே நின்றால் என்ன தெரியும்?

வெட்கத்தை விட்டு அடிமரத்தைக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது மரம்!

சார் மரத்தைப் பார்க்கவில்லை. என் வண்டி சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் திட்டிக்கொண்டே துடைத்த இடத்தில், புதிதாக ஒரு பழம் விழுந்து நசுங்கிக் கிடந்தது.

பழம்.

இருவரும் மெதுவாகத் தலையைத் திருப்பினோம். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள், மாடிகள், நடுநடுவே எத்தனையோ மரங்கள்.

அங்கேதான் எங்கோ மூன்றாவது நின்றுகொண்டிருந்தது.